டிக் அடிக்கும் முன் படியுங்கள்: மின்நூல் எழுதுவோரின் உரிமைகள்

சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’, எம்.கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ என்று நாவல்களுக்குக் களமான ஊர் திருப்பூர். 2016 டிசம்பரில் அமேசான் கிண்டிலுக்குத் தமிழ் வந்தபின், அங்கே பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து செல்போனில் கதை எழுதுகிறவரும் பதிப்பகத்துக்கு அலையாமல் தன் நூலைத் தானே வெளியிட முடிகிறது. கூகுள் பிளே புக்ஸ், கோபோ என வேறு தளங்களும் இருக்கின்றன. ஆனால் நிபந்தனைகளைப் படிக்காமல் டிக் அடித்தால், உழைப்பின் பலன் கைநழுவிப் போகும்.

90 நாள் கட்டுப்பாடு

கிண்டிலில் நூலை ஏற்றும்போது ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேரலாமா என்று கேட்கும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்நூல் அமேசானில் மட்டுமே இருக்க வேண்டும். ஒரே பையருக்கு (ஆர்டர் தரும் நிறுவனத்துக்கு) மட்டும் தைத்துத் தருவதாக ஒப்புக்கொள்வது போலத்தான் இது. கூகுள் பிளேயில் விற்கக் கூடாது; வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆக இலவசமாகவும் போடக் கூடாது. அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை. கெடு முடிந்ததும் இத்திட்டம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் தானாகப் புதுப்பிப்பதற்கான டிக்கை முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஆதாயமும் உண்டு. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி, இத்திட்டத்தில் சேர்ந்த நூல்களுக்குத்தான்; சேராதவற்றுக்கு 35 சதவீதம். முதல் 90 நாள் இங்கே, பிறகு எல்லாத் தளங்களிலும் என்று திட்டமிட்டு விற்கலாம்.

யார் பெயரில் கணக்கு?

‘எல்லாத் தளத்திலும் போட்டுத் தருகிறோம், பெஸ்ட்செல்லர் ஆக்குகிறோம்’ என்று கட்டணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. கணக்கை அவர்கள் பெயரில் தொடங்கினால் ராயல்டியும் அவர்கள் வங்கிக்கே போகும். உங்கள் மின்னஞ்சல், உங்கள் பான், உங்கள் வங்கிக் கணக்கு கொண்டே தொடங்குங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். உரிமையை மாற்றித் தருவது கையெழுத்திட்ட எழுத்து ஆவணமாக இருந்தால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும். அச்சுரிமையை மட்டும் தந்திருந்தால் மின்நூல் உரிமை உங்களிடமே இருக்கிறது.

நூல் திருடப்பட்டால்

டெலிகிராமில் உங்கள் நூல் சுற்றுகிறதா? சுட்டி, தேதி, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் முதலில் சேமியுங்கள். அந்தத் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். 2013 பதிப்புரிமை விதிகளின்படி, புகார் சரியென்று கண்டால் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு பெற்றுத் தராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம் என்பதை மறக்காதீர்கள். வழக்குக்காக டெல்லி, மும்பை போக வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62வது பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். காவல் நிலையத்திலும் புகார் தரலாம். 63வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்திருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டே எழுதும் ஒவ்வொருவருக்கும் இந்த உதவியைக் கேட்க உரிமை இருக்கிறது.