கையடக்க ஒலிப்பதிவுக் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

பொங்கலும், ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளும், விநாயகர் சதுர்த்தியும் வந்துவிட்டால் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் சந்துக்குச் சந்து ஒலிபெருக்கிகள் ஆள் உயரத்திற்கு எழுந்து நிற்கும். முன்பெல்லாம் மும்பைத் திருவிழாக்களில் அந்தப் பெருமை பெஞ்சோ குழுவுக்கே உரியதாக இருந்தது. பெயர்தான் பெஞ்சோ, உண்மையில் அது தட்டச்சுப் பொறிபோலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தரங். அதற்கு மின்சாரம் ஊட்டி, முரசுகளையும் உடன் சேர்த்து, தெருவுக்கென்றே ஒரு வாத்தியக் குழுவை இந்நகரத்து உழைக்கும் மக்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். அது இன்னும் மறைந்துவிடவில்லை. ஆயினும் இளைஞர் கூட்டம் இன்று திரும்பிப் பார்ப்பது டி.ஜே.யைத்தான்.

டி.ஜே. என்றால் பாட்டுப் போடுகிறவர் என்றுதான் நம் தோழர்களில் பலர் எண்ணியிருக்கக்கூடும். கலியாண வீட்டில் ரிக்கார்டு போட்டவருக்கும் இவருக்கும் வேறுபாடு உண்டு. ஒரு பாட்டின் தாளம் ஓயுமுன்பே அடுத்த பாட்டின் தாளத்தை அதனோடு இழைத்து, ஒன்றின் அடித்தொனியைக் குறைத்து மற்றொன்றின் அடித்தொனியை ஏற்றி, ஒரு மணியோ இரண்டு மணியோ அறுந்துபோகாத ஓட்டமாக நடத்திச் செல்வதே அவருடைய வேலை. அந்த ஓட்டத்திற்கு மிக்ஸ் என்று பெயர். ஒருமுறை செய்ததை அப்படியே மறுமுறை செய்ய அவராலும் ஆகாது.

நான் லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவன். பொறியியல் படிக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து சந்தில் எந்தப் பெட்டி பழுதானாலும் என்னிடம் வந்துவிடும். (படிப்பது மின்னணுவியலா, கட்டடத் துறையா என்று யாரும் கேட்பதில்லை!) அப்படித்தான் பக்கத்துச் சந்துத் தம்பி ஒருவன், "அண்ணே, மிக்ஸ் ரெக்கார்டு பண்ண ஒரு மெஷின் வாங்கணும். பத்தாயிரம் சேத்து வச்சிருக்கேன். எது வாங்கட்டும்?" என்று கேட்டான். இதே கேள்வியோடு வேறு சிலரும் வந்ததுண்டு. அவர்களிடம் தனித்தனியே சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மடிக்கணினியிலேயே பதிவு செய்துகொள்ளலாமே, தனிக் கருவி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சொந்தமாகக் கன்ட்ரோலரும் கணினியும் வைத்திருப்பவருக்கு அதுவே போதும்; அவர் காசைச் செலவிட வேண்டியதில்லை. பயனீரின் எக்ஸ்.டி.ஜே.-ஆர்.எக்ஸ். வரிசைப் பெட்டியானால் பென் டிரைவிலேயே பதிவு செய்துவிடும். ஆனால் எங்கள் தம்பிமாரில் பெரும்பாலோரிடம் ஒன்றும் சொந்தமில்லை. மிக்ஸர், ஸ்பீக்கர், கணினி யாவும் சவுண்டுக்காரருடையவை. அன்று ஒரு நாள் வாடகைக்கு வந்தவை. வாசிக்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். ஆகவே நேரமும் அளந்து கிடைப்பது. அந்த ஒரு மணி நேரத்தைப் பதிந்து எடுத்து வந்தால்தான் அடுத்த கலியாணக்காரரிடமோ மன்றத்தாரிடமோ, "இது நான் செய்தது" என்று கேட்கக் கொடுக்க முடியும். பட்டச் சான்றிதழ் நமக்கு எப்படியோ, பதிவு அவர்களுக்கு அப்படி.

இது லேபர் கேம்ப்புக்கு மட்டும் உரிய கதையும் அன்று. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்டு 11 அன்று கூல் ஹெர்க் என்னும் டி.ஜே. நடத்திய விருந்தை ஹிப்-ஹாப் இசையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டு வெளிவந்து உலகமெல்லாம் பரவியதோ 1979இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த இசையை ஊர்விட்டு ஊர் கொண்டு சென்றவை விருந்துகளில் பதிந்த கேசட்டுகளே. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட அந்தச் சிறு கேசட் இல்லாதிருந்தால் அந்த ஏழைத் தெருக்களின் பெயர் வெளியே தெரிய இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ! தாராவியின் டோப்பெடலிக்ஸ் குழு 2018இல் வெளிவந்த 'காலா' படத்தில் இடம்பெற்றதை நாம் அறிவோம். தெருவில் பிறந்த இசை தெருவைவிட்டு வெளியேறப் பதிவு ஒன்றே வாகனம்.

இனிக் கருவிக்கு வருவோம். கடைக்காரர் முதலில் காட்டுவது கருவியின் தலையில் இருக்கும் இரண்டு மைக்குகளைத்தான். பறவை ஒலியும் பாட்டுக் கச்சேரியும் பதிகிறவருக்கு அவை உயிர். நம் தம்பிக்கு அவை ஏறக்குறைய வீண். கூட்டத்தின் நடுவே மைக்கால் பதிந்தால் விசிலும் வெடியும், சுவரில் மோதித் திரும்பும் இரைச்சலுமே மிஞ்சும். அடித்தொனியோ மைக்கைத் திணறடித்துவிடும். மிக்ஸரிலிருந்து ஒயர் வழியாக நேரே எடுப்பதே முறை. ஆகவே நாம் விலை கொடுப்பது மைக்குக்கு அன்று. பக்கவாட்டில் இருக்கும் ஒரு சிறு துளைக்கு. 'லைன் இன்' என்று அதன் அருகே எழுதியிருக்கிறதா, அது ஸ்டீரியோவா என்று பாருங்கள். 'மைக்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கருவியைக் கீழே வைத்துவிடுங்கள். பேச்சுப் பதிவுக்கென்று மலிவாக விற்கும் பல கருவிகள் இந்த வகையே.

ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட். வீட்டுச் சாதனங்களின் லைன் அளவு ஏறத்தாழ 0.3 வோல்ட். மேடைச் சாதனங்களின் அளவோ 1.23 வோல்ட், அதாவது முன்னதைப்போல் நான்கு மடங்கு. மைக்குக்கென்று செய்த துளையில் மேடை மிக்ஸரைச் செருகுவது, குடிநீர்க் குழாயில் தீயணைப்பு வண்டியின் குழாயை மாட்டுவது போன்றது. மேலும் மைக் துளைகள் சிலவற்றில் மைக்கை இயக்குவதற்காகச் சில வோல்ட் மின்சாரம் வெளியே வரும். 'பிளக்-இன் பவர்' என்று மெனுவில் இருக்கும்; லைன் இணைப்பின்போது அதை அணைத்துவிட வேண்டும்.

பெரிய மிக்ஸர்களின் பின்புறத்தில், பயனீர் டி.ஜே.எம்.-900 என்.எக்ஸ்.எஸ்.2இல் உள்ளதுபோல, 'ரெக் அவுட்' என்று சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. துளைகள் இருக்கும். அதுவே நமக்கென்று விட்ட வாசல். சவுண்டுக்காரர் இடையில் மாஸ்டர் குமிழைத் திருகினாலும் இங்கே அளவு மாறாது. டி.டி.ஜே.-எஃப்.எல்.எக்ஸ்.4 போன்ற சிறு கன்ட்ரோலரில் அந்த வாசல் இல்லை. மாஸ்டர் வெளியீட்டையே ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒயரால் பகிர வேண்டும். அப்போது குமிழைத் தொட்டால் பதிவும் ஏறி இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒயர் ஒரு முனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பின்னும், மறுமுனையில் இயர்போனில் உள்ளது போன்ற மூன்றரை மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னும் கொண்டதாக இருக்கட்டும். எக்ஸ்.எல்.ஆர். என்னும் பெரிய மூன்று முள் பின் ஒன்றை அப்படியே சிறிய ஸ்டீரியோ பின்னாக மாற்றும் ஒயரும் கடையில் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். அதில் ஒரே ஒலி இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் தலைகீழாகவும் ஏறும். இயர்போனில் ஏதோ கேட்பதுபோல் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள செல்பேசியில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டுப் பாட்டே காணாமற்போகும். மாயமந்திரம் இல்லை, கூட்டல் கழித்தல்தான்.

அடுத்தது அளவு. டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல் என்பது பானையின் விளிம்பு. பொங்கல் பானையில் பால் வழிந்தால் குலவையிடுவோம். பதிவில் வழிந்தால் அழ வேண்டியதுதான். வழிந்த இடமெல்லாம் கரகரவென்று கிழியும். பிறகு அதை யாராலும் தைக்க முடியாது. இரவு ஏற ஏற டி.ஜே.க்கள் குமிழையும் ஏற்றுவார்கள். ஆகையால் தொடக்கத்தில் மிக உரத்த இடமும் -12 டெசிபலைத் தாண்டாதபடி வைக்க வேண்டும். இப்படித் தாழ்த்திப் பதிந்தால் தரம் குறையாதோ? 16 பிட் பதிவில் உரத்த ஒலிக்கும் அடி இரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடம். 24 பிட்டில் கணக்குப்படி 144. பன்னிரண்டை விட்டுக்கொடுத்தால் குடி முழுகாது. 24 பிட் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகவே. 96 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். டி.ஜே. போடும் பாட்டே பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ், அதிலும் பாதி எம்.பி.3.

கருவியில் 'ஆட்டோ லெவல்' என்று ஒன்று இருக்கும். இதைக் கட்டாயம் அணையுங்கள். டி.ஜே. வேண்டுமென்றே ஒலியை ஒடுக்கி, கூட்டத்தை மூச்சடக்க வைத்து, பிறகு ஒரே அடியாகத் தாளத்தை இறக்குவார். ஒலி குறைந்துவிட்டதே என்று கருவி தானாக ஏற்றிவிட்டால், வித்தை முழுவதும் பாழ். 'லோ கட்' என்பதையும் அணையுங்கள். காற்றிரைச்சலை நீக்க வந்த அது அடித்தொனியையும் அரித்துவிடும்.

இப்போது 32 பிட் ஃப்ளோட் என்று ஒன்று வந்திருக்கிறது. 2024இல் வெளிவந்த ஜூம் எச்1 எசென்ஷியலில் இதுவே உண்டு. அளவு வைக்கும் குமிழே கிடையாது. விளிம்பைத் தாண்டியதையும் எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளும், பிறகு தாழ்த்திக்கொள்ளலாம். நல்லதே. ஆனால் "இனிக் கிழியவே கிழியாது" என்று கடைக்காரர் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். மிக்ஸரிலேயே சிவப்பு விளக்கு எரிந்து கிழிந்து வந்த ஒலியை எந்த ஃப்ளோட்டும் ஒட்டாது. கருவியின் வாசலிலேயே, எண்ணாக மாறுமுன், மின்சாரம் அளவு மீறினாலும் அப்படியே.

வெளிவந்தபோது அதற்கு அமெரிக்காவில் நூறு டாலர் விலை; இங்கே சுங்கமும் வரியும் கடைக்காரர் இலாபமும் சேர்ந்து ஏறும். டாஸ்காம் டி.ஆர்.-05எக்ஸ் இதற்கு நேர் போட்டி. 24 பிட் பதிவும் எம்.பி.3 பதிவும் இரண்டும் செய்யும். சாதாரண ஏஏ பேட்டரி இரண்டு போதும். எச்1 எசென்ஷியலுக்கோ சிறிய ஏஏஏ இரண்டு. நடு இரவில் பெட்டிக் கடையில் எது கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தால் டாஸ்காமுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். பழைய ஜூம் எச்1என் செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் தம்பிக்குப் போதும். கூட்டத்தின் ஆரவாரத்தையும் தனியே பதிந்து பிறகு கலக்க விரும்புவோர் டி.ஆர்.-40எக்ஸ் போன்ற நான்கு தடக் கருவிக்குப் போக வேண்டும், காசு கூடும். முதல் கருவியாக அதை வாங்கச் சொல்லமாட்டேன்.

பத்தாயிரமும் இல்லாதவர் என்ன செய்வது? பெரிங்கர் யு.சி.ஏ.222 என்று தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பெட்டி ஒன்று உண்டு. ஆர்.சி.ஏ. ஒயரை ஒருபுறம் வாங்கி, மறுபுறம் யு.எஸ்.பி. வழியாக 16 பிட் ஒலியாகக் கொடுக்கும். ஓ.டி.ஜி. ஒயரால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் இணையும். விலை மேற்சொன்ன கருவிகளில் பாதிக்கும் குறைவு. உங்கள் செல்பேசியோடு இணைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள். பதியும்போது செல்பேசியை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். இல்லையேல் உச்சக்கட்டத்தில் அத்தை அழைப்பார்.

மெமரி கார்டு கணக்கு எளிது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணிக்கு ஏறத்தாழ 635 எம்.பி.; 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஒரு ஜி.பி.யைச் சற்றுத் தாண்டும்; 32 பிட் ஃப்ளோட் 1.4 ஜி.பி. அளவு. 32 ஜி.பி. கார்டு ஒன்று ஒரு பண்டிகைக்கே போதும். ஆனால் நடைபாதையில் விற்கும் கார்டுகளில் போலி உண்டு. 64 என்று முகத்தில் எழுதியிருக்கும். வயிற்றில் எட்டுத்தான் இருக்கும். எட்டு நிறைந்தபின் எழுதுவதெல்லாம் காற்றில் எழுதியதே. வாங்கிய அன்றே விளிம்புவரை ஏதாவது கோப்புகளால் நிரப்பி, திரும்பத் திறந்து பாருங்கள்.

மாட்டுங்கா ரோடு நிலையத்தில் மெதுவண்டி ஏறினால் ஆறாவது நிலையம் கிராண்ட் ரோடு. இறங்கினால் லாமிங்டன் ரோடு நடக்கும் தூரம். கடைக்குச் செல்லும்போது ஒயரையும் ஒரு செல்பேசியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். செல்பேசியில் பாட்டை ஓடவிட்டு, கருவியின் லைன் துளையில் செருகி, ஐந்து நிமிடம் பதிந்து, அங்கேயே இயர்போனில் கேளுங்கள். முகம் சுளிக்கும் கடைக்காரரானால் அடுத்த கடைக்கு நடங்கள். அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை. செகண்ட் ஹேண்ட் கருவியானால் செருகிய ஒயரை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் அறுந்து அறுந்து வந்தால் துளை தேய்ந்துவிட்டது. எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

நிகழ்ச்சியன்று கருவியைப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். கரண்டில் செருகினால் தரை இணைப்பு வழியாக 50 ஹெர்ட்ஸ் 'ஹம்' என்னும் முனகல் உள்ளே புகக்கூடும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அது 1.2 வோல்ட்; மெனுவில் அந்த வகையைத் தெரிவு செய்யாவிட்டால் மின்சாரம் தீர்ந்ததாகக் கருவி தப்புக் கணக்குப் போடும். முடிந்ததும் முதலில் பதிவை நிறுத்துங்கள், பிறகே கார்டைத் தொடுங்கள். நிறுத்தும்போதுதான் கோப்பின் தலைப்பு முழுமையாக எழுதப்படுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு குறையாமல் போய்ச் சேரும். அனுப்புவதற்கு எம்.பி.3 ஒன்று செய்துகொள்ளுங்கள். மூலப் பதிவை வேறொரு பென் டிரைவில் நகலெடுத்து, தேதியும் இடமும் பெயராக இட்டு வையுங்கள். கார்டை அதன் பிறகே அழிக்கலாம்.