ஆபத்து இயந்திரத்தில் இல்லை

டயாலிசிஸ் நோயாளிகளிடையே ஹெபடைடிஸ் சி பரவாமல் தடுப்பது ஊழியர்களின் கையில் இருக்கிறது

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ்தான் உயிர். ஆனால் உயிர் காக்கும் அதே இடத்தில் இன்னொரு நோயும் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதுதான் ஹெபடைடிஸ் சி. பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமலே கல்லீரலை அரித்து, சிரோசிஸ், புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும் வைரஸ் இது. மஞ்சள் காமாலை பி வகைக்கு இருப்பதுபோல் இதற்குத் தடுப்பூசி இல்லை.

1989இல் இந்த வைரஸ் அடையாளம் காணப்படும்வரை ரத்தம் ஏற்றிக்கொள்வதே பெரிய அபாயமாக இருந்தது. இப்போது ரத்த வங்கிகளில் பரிசோதனை கட்டாயம். எரித்ரோபாய்ட்டின் ஊசி வந்த பிறகு ரத்தம் ஏற்றும் தேவையும் குறைந்திருக்கிறது. இருந்தும் டயாலிசிஸ் பிரிவுகளில் நோய் பரவுகிறது. எப்படி?

காரணங்கள் சாதாரணமானவை. ஒரு நோயாளியைத் தொட்ட கையுறையோடு அடுத்தவரிடம் போவது. ஒரே ஹெப்பாரின் மருந்துக் குப்பியிலிருந்து பலருக்கு எடுப்பது. மருந்துத் தட்டைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோவது. நாற்காலியையும் இயந்திரத்தின் பொத்தான்களையும் கிருமிநாசினியால் துடைக்காமலே அடுத்தவரை உட்கார வைப்பது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியிலும் வைரஸ் இருக்கலாம். காய்ந்த பிறகும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

நம் நாட்டில் பல மையங்கள் 'சி' நோயாளிகளுக்குத் தனி இயந்திரம் ஒதுக்குகின்றன. பி வகைக்கு அது அவசியம். ஆனால் 'சி' வகைக்குத் தனி இயந்திரம் தேவையில்லை, சுத்த விதிகளைக் கறாராகப் பின்பற்றுவதே முக்கியம் என்பது கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இயந்திரத்தைப் பிரித்துவிட்டு, கையுறையை மாற்றாவிட்டால் என்ன பயன்?

பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. தொற்றியபின் எதிர்ப்பொருள் தோன்ற வாரங்கள், ஏன், மாதங்கள்கூட ஆகலாம். எனவே டயாலிசிஸ் தொடங்கும்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் சோதிக்க வேண்டும். வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனை இன்னும் நம்பகமானது. ஒருவருக்குப் புதிதாகத் தொற்றினால் அந்தப் பிரிவிலுள்ள அனைவரையும் சோதித்து, எங்கே தவறு நடந்தது என்று பார்ப்பது கட்டாயம்.

நல்ல செய்தியும் உண்டு. இன்றைய மாத்திரைகள் பெரும்பாலும் 12 வாரங்களில் 100க்கு 95 பேருக்கு மேல் குணமாக்குகின்றன. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மையங்களில் இவை இலவசம். குணமானவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. ஆனால் அவருக்கு மீண்டும் தொற்றலாம். எதிர்ப்பொருள் சோதனை அவருக்கு எப்போதும் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். அதை மட்டும் பார்த்து அவரைத் தொடர்ந்து 'சி' இயந்திரத்திலேயே வைத்திருப்பது அநீதி மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

நோயாளியும் உறவினரும் கேட்கத் தயங்கக் கூடாத கேள்விகள் மூன்று: கையுறை மாற்றினீர்களா? மருந்து தனியாக எடுத்ததா? கடைசியாகச் சோதித்தது எப்போது?