வொர்ம்லி ஹோட்டல் சமரசம்

உள்நாட்டு யுத்தம் ஓய்ந்து 11 ஆண்டுகளே சென்றிருந்த 1876இல், வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று இன்னும் சந்தேகக் கண்ணோடு நோக்கிக்கொண்டிருந்த வேளையில், ஐக்கிய அமெரிக்கா தன் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க முற்பட்டது. ஜனநாயகக் கட்சியின் அபேட்சகர் சாமுவேல் டில்டன் ஜனங்களின் வாக்குகளில் சுமார் இரண்டரை லட்சம் முன்னணியில் நின்றார். ஆயினும் அந்நாட்டு முறைப்படி முடிவு கூறுபவை ராஜ்யவாரியான தேர்வாளர் வாக்குகளே அல்லவா? அவற்றில் டில்டனுக்கு 184, குடியரசுக் கட்சியின் ரூதர்போர்ட் ஹேய்ஸுக்கு 165. வெற்றிக்கு வேண்டியதோ 185. ஆரிகனில் ஒன்றும், ஃபுளோரிடா, லூயிசியானா, தென் கரோலினா ஆகிய தென் ராஜ்யங்களில் 19உமாக மீந்த 20 வாக்குகள் விவாதத்தில் சிக்கின. அத்தென் ராஜ்யங்களில் கறுப்பின வாக்காளர்களை வெள்ளையர் ஆயுதம் காட்டி விரட்டியதும், குடியரசுக் கட்சி அதிகாரிகள் எதிர்த்தரப்பு வாக்குகளை ஏராளமாகத் தள்ளுபடி செய்ததும் ஒருங்கே நிகழ்ந்திருந்தமையால், யோக்கியமான கணக்கு எதுவென்று சொல்ல எவராலும் இயலவில்லை.

அரசியல் சாஸனம் இச்சங்கடத்துக்குத் தெளிவான வழி வகுக்காமற் போகவே, செனட்டர்கள் ஐவர், பிரதிநிதிகள் ஐவர், சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஐவர் என 15 பேர் கொண்ட கமிஷனைக் காங்கிரஸ் நியமித்தது. இரு கட்சிக்கும் எழுவர். பதினைந்தாமவராகக் கட்சிச் சார்பற்ற நீதிபதி டேவிட் டேவிஸ் அமர்வாரென்பது அனைவரின் எதிர்பார்ப்பு. அவரை இல்லினாய் சட்டசபை செனட்டராகத் தேர்ந்துவிட, அதுவும் ஜனநாயகக் கட்சியாரின் வாக்குகளாலேயே தேர்ந்துவிட, அவர் விலகிக்கொண்டார். கெட்டிக்காரத்தனம் தன் கண்ணையே குத்திக்கொள்வதும் உண்டு! குடியரசுக் கட்சியைச் சேர்ந்த நீதிபதி பிராட்லி அவ்விடத்துக்கு வந்தார். விவாதம் ஒவ்வொன்றும் 8க்கு 7 என்று ஹேய்ஸுக்கே தீர்ந்தது.

தோற்ற கட்சியார் எண்ணிக்கையை இழுத்தடித்தனர்; மறு ஆண்டு மார்ச் 4ஆம் தேதிக்குள் புது ஜனாதிபதி வந்தாக வேண்டும். பிப்ரவரி 26 அன்று வாஷிங்டனில் வொர்ம்லி ஹோட்டலில் இரு தரப்புத் தூதர்களும் கூடினர். அவர்கள் பேசிக்கொண்ட ஏற்பாடு இதுவே: தெற்கத்தியர் தடையை விடுவது; லூயிசியானாவிலும் தென் கரோலினாவிலும் குடியரசுக் கட்சி அரசாங்கங்களை மத்திய சைன்யம் தாங்கி நிற்காதிருப்பது. அந்த ஒரு கூட்டமே யாவற்றையும் தீர்த்ததா என்பதில் சரித்திராசிரியர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. எவ்வாறாயினும், மார்ச் 2ஆம் தேதி விடியுமுன் 185க்கு 184 என ஹேய்ஸ் வென்றார். நான்காம் தேதி ஞாயிறாக இருந்தமையின், மூன்றாம் தேதி இரவே வெள்ளை மாளிகையில் இரகசியமாகப் பிரமாணம் செய்துகொண்டு, ஐந்தாம் தேதி பகிரங்கமாக மறுபடியும் செய்தார். ஏப்ரலில் அவ்விரு ராஜ்யங்களின் தலைநகர்களிலும் சட்டசபைக் கட்டடங்களைக் காத்து நின்ற சிப்பாய்கள் பாசறைக்குத் திரும்பினர்.

மற்றொரு யுத்தம் மூளாதது அற்ப காரியமன்று. அதனை இகழ எனக்கு மனமில்லை. எனினும் அந்த ஐக்கியம் வடக்கத்தி வெள்ளையருக்கும் தெற்கத்தி வெள்ளையருக்கும் இடையே ஏற்பட்டதாகும். 1870இல் சாஸனத் திருத்தத்தால் வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்களை யாரும் கலந்து பேசவில்லை. கூட்டம் நடந்த ஹோட்டலின் சொந்தக்காரர் ஜேம்ஸ் வொர்ம்லியோ அந்த இனத்தவரே. வாக்களிக்கத் தலைவரியும் எழுத்தறிவுப் பரீட்சையும் விதித்து மிசிசிப்பி 1890இல் புதுச் சாஸனம் இயற்றியது. பிற தென் ராஜ்யங்களும் அவ்வழியே சென்றன. பறிபோன அவ்வுரிமையை மீட்கும் சட்டத்தில், டெக்ஸாஸ்காரரான ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டது 1965 ஆகஸ்டில்.