அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஐந்து ஆண்டுகள்: ரத்தப் பரிசோதனைக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஏழை நோயாளிக்கு, வீடு திரும்பிய 15 நாள்கள் வரையே மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டம் துணை நிற்கிறது. நோய் திரும்புகிறதா என்பதைக் கண்காணிக்க வேண்டிய காலமோ ஐந்து ஆண்டுகள்.

திருவனந்தபுரத்தில் 1981-ல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கேரளத்தவர் மட்டுமன்றி, கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத் தமிழர்களும் சிகிச்சைக்காகச் செல்கின்றனர். அறுவைச் சிகிச்சை ஒருமுறைதான். மறுபரிசோதனைக்கோ ஆண்டுக்குப் பலமுறை எல்லை தாண்ட வேண்டும். பயணச் செலவும் ஒருநாள் கூலியும் அதில் கரைகின்றன.

இக் கண்காணிப்பில் முக்கியமானது "சி.இ.ஏ." என்ற ரத்தப் பரிசோதனை. இப் புரதத்தைக் கனடாவைச் சேர்ந்த பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் ஆகியோர் 1965-ல் கண்டறிந்தனர். பொதுவாக ஒரு மில்லி லிட்டருக்கு 5 நானோகிராமுக்குள் இருப்பது இயல்பு. அறுவைக்கு முன்பே அளவு மிகுந்திருந்தால் நோய் திரும்பும் அபாயம் கூடுதல். கட்டி முழுமையாக அகற்றப்பட்டால் சில வாரங்களில் அளவு இறங்கிவிடும். இறங்காவிட்டாலோ, இறங்கிய பின் மீண்டும் ஏறினாலோ கல்லீரலிலும் நுரையீரலிலும் நோயைத் தேட வேண்டும். மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

இதற்கு வரம்புகளும் உண்டு. புகைப்பவர்களிடமும் கல்லீரல் நோயாளிகளிடமும் இது உயரலாம். சில புற்றுநோயாளிகளிடம் உயர்வதே இல்லை. பிரிட்டனில் 1,202 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. குணப்படுத்தும் நோக்கில் மறு அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள், குறைந்த கண்காணிப்பில் இருந்தோரில் 2.3 சதவீதம்; இந்த ரத்தப் பரிசோதனையால் கண்காணிக்கப்பட்டோரில் 6.7 சதவீதம். எனினும், இறப்பு விகிதத்தில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஆயினும், மறு சிகிச்சைக்கான வாய்ப்பைக் காலத்தில் காட்டும் எளிய வழி இது.

2018-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. புறநோயாளி சிகிச்சை அதில் சேராது. புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்குமாறு, ராம்கோபால் யாதவ் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2022-ல் பரிந்துரைத்தது. நோயாளிகளைக் கணக்கெடுப்பது அவசியமே. சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனிப்பதும் அதே அளவு அவசியம். பல லட்சம் ரூபாய் அறுவைக்கு வழங்கும் அரசு, அதன் பலனைக் காக்கும் ஒரு குப்பி ரத்தப் பரிசோதனையை நோயாளியின் தலையில் சுமத்துவது எவ்வகைச் சிக்கனம்? தென்கோடி உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டிய கேள்வி இது.