மூடுபனிக்குள் முப்பரிமாணம்: லாபிஸ் காட்டோரத்தில் ஒரு படச் சோதனை

லாபிஸைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அவற்றைத் தாண்டிக் கிழக்கே போனால் காடு தொடங்கிவிடும். பெக்கோக் வழியாகச் சென்றால் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் நுழைவாயிலையே எட்டிவிடலாம். இரவு மழை பெய்து ஓய்ந்த காலைகளில் இந்தக் காட்டோரத்தில் மூடுபனி இறங்கி நிற்கும். நேரில் பார்க்கும்போது மரங்களுக்கு நடுவே நடந்து போகலாம் போலிருக்கும். அதையே கைப்பேசியில் எடுத்தால் சாம்பல் நிறத் துணியை விரித்தாற்போல் தட்டையாகிவிடுகிறது. அந்த ஆழத்தைப் படத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று, விடுமுறையில் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு முயன்று பார்த்தேன்.

முப்பரிமாணப் படம் புதிய விஷயமன்று. 1838-இல் சார்ல்ஸ் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் இதன் அடிப்படையை விளக்கினார். நம் கண்கள் ஏறக்குறைய 6.5 செண்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. இரண்டும் சற்றே மாறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தூரத்தைக் கணிக்கிறது. ஆக, பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு படம் எடுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்தை மட்டும் காட்டினால் போதும்.

எவ்வளவு நகர வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தை 30-ஆல் வகுக்க வேண்டும். முதல் மரம் 3 மீட்டரில் நின்றால் 10 செண்டிமீட்டர். தூரத்து மலைக்காகப் பல மீட்டர் நகர்ந்தும் எடுக்கலாம். ஆனால், மலை பொம்மை போலச் சுருங்கித் தெரியும். வேடிக்கையாக இருக்கும், காடாக இருக்காது.

ஒரே கைப்பேசியால் ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதுதான் பலரும் சொல்லும் வழி. கட்டடத்துக்கு அது சரி. பனி நிற்பதில்லையே! இரண்டு படங்களுக்கு இடையிலான இரண்டே வினாடிகளில் அது நகர்ந்துவிடுகிறது, இலைகளும் அசைகின்றன. அதனால் ஒரே வகைக் கைப்பேசிகள் இரண்டைப் பலகையில் பக்கம் பக்கமாக நிறுத்திக் கட்டினோம். வில்லைகளுக்கு இடையே சுமார் 8 செண்டிமீட்டர். தம்பி மூன்று எண்ண, இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினோம்.

அடுத்த சிக்கல் நிறத்தில் வந்தது. சிவப்பு, நீலப்பச்சைக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் படமாக மாற்றியபோது இலைகள் கண்ணைக் கூசின. காரணம் எளிது. பச்சை இலை சிவப்புத் தாளின் வழியே கருமையாகவும் மற்றத் தாளின் வழியே வெளிச்சமாகவும் தெரிகிறது. எதை நம்புவது என்று மூளை தடுமாறுகிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. பனிக்காலையில் நிறம் குறைவுதான் என்பதால் பெரிய இழப்பும் இல்லை.

இத்தனைக்குப் பிறகு முன்னால் இருந்த பெரணியும் முதல் இரண்டு மரங்களும் படத்தை விட்டு வெளியே நின்றன. பின்னால் இருந்தவை அசையவே இல்லை! ஒப்பிட்டுப் பார்க்க விளிம்போ பட்டையின் கோடோ இருந்தால்தான் இரு கண்களால் ஆழத்தைக் கணிக்க முடியும். பனி அவற்றை அழித்துவிடுகிறது. அங்கே ஆழத்தைக் காட்டுவது பனியேதான். அதன் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகின்றன. மரம் தள்ளிப் போகப் போக இடையில் அந்த வெள்ளை கூடி, மரம் வெளுக்கிறது. லியொனார்டோ டா வின்சி, தூரத்துப் பொருள்களின் இந்த மங்கலைப் பற்றித் தம் குறிப்பேடுகளில் எழுதியிருக்கிறார்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் பாட்டி. அவருக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. சிவப்பு, நீலப்பச்சைக் கண்ணாடியால் அவருக்குப் பயனே இல்லை என்பது, அவர் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாதாரணப் படத்தைக் காட்டினேன். விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போய்ப் பழகியவர், உடனே மரங்களை வரிசைப்படுத்திவிட்டார்: “கறுப்பா இருக்கிறது கிட்ட, வெளுத்தது தூரம். இதுக்கு எதுக்கும்மா கண்ணாடி?”

அதன்பின் படம் எடுக்கும் முறையை மாற்றினேன். கைப்பேசி தானாகச் செய்யும் “மெருகூட்டலை” முதலில் அணைத்தேன். அது தூரத்து மரங்களைக் கறுப்பாக்கி, பனி தந்த ஆழத்தைப் பறித்துவிடுகிறது. என் முதல் படங்கள் தட்டையானதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டினேன். இரண்டரை மீட்டரில் ஒரு கறுத்த தண்டு, அதற்குப் பின் வெளுத்துக்கொண்டே போகும் நான்கைந்து வரிசை மரங்கள் என்று சட்டகத்தை அமைத்தேன். முன்பகுதியை இரண்டு கைப்பேசிகள் பார்த்துக்கொண்டன. மிச்சத்தைப் பனி பார்த்துக்கொண்டது.

இடம், வலம் இரண்டையும் மாறி மாறிக் காட்டும் அசைபடமாகவும் செய்து பார்த்தேன். இதற்குக் கண்ணாடி வேண்டாம். ஒரு கண்ணே போதும். தண்டு அசைய, பின்வரிசை நிலையாக நிற்க, தூரம் தெரிகிறது. பாட்டி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்றார். அசையாத படத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முயன்று பார்க்க விரும்புவோர் காலை ஏழு மணிக்கே இடத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் பனி கலைந்துவிடும். காட்டோரத்துக்குத் தனியே போகாதீர்கள். பூங்காவுக்குள் செல்ல முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். செலாய்க்கும் ஒருமுறை போக எண்ணியிருக்கிறோம். பலகையை மட்டும் இன்னும் கொஞ்சம் இலேசானதாக மாற்ற வேண்டும் என்கிறான் தம்பி, சுமப்பது அவன்தானே.