சார்ஜரில் இருக்கும் சிஇ குறி என்ன சொல்கிறது?

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பையன் தன் லேப்டாப் சார்ஜரைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தான். வெறும் கையில் பிடிக்க முடியாத சூடு. ஓர் ஓரத்தில் பிளாஸ்டிக் உருகி வளைந்திருந்தது. ஒரிஜினல் சார்ஜர் விலை அதிகம் என்று ஒரு வெப்சைட்டில் பாதி விலைக்கு வாங்கினானாம். "இதுல சிஇ குறி இருக்கே அங்கிள், டெஸ்ட் பண்ணினதுதானே?" என்றான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்த கம்பெனியின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. வெப்சைட்டில் விற்றவரின் பக்கத்தையே காணோம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் இதே கேள்வியைக் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிஇ என்பது ஐரோப்பிய யூனியனின் குறி. 1993 முதல் பழக்கத்தில் இருக்கிறது. (இது "சைனா எக்ஸ்போர்ட்" என்பதன் சுருக்கம் என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள், அப்படி ஓர் அதிகாரபூர்வக் குறியே கிடையாது.) வீட்டு மின்சாரத்தில் வேலை செய்யும் சார்ஜரைத் தயாரிப்பவர் அதைத் தானே சோதிக்கலாம். சோதனைத் தாள்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, "விதிப்படி செய்திருக்கிறேன்" என்று கையெழுத்திட்டு, குறியையும் அவரே அச்சிடலாம். வெளியிலிருந்து ஒரு லேப் வந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக, இது அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் அல்ல, தயாரிப்பவரின் வாக்குமூலம்.

அப்படியானால் அதனால் என்ன பயன்? பயன் உண்டு. ஆனால் வாக்குமூலம் கொடுத்தவர் அகப்பட வேண்டும்! ஐரோப்பாவில் நடந்த சட்டப் போராட்டம் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முன்பு வெளிநாட்டுப் பொருள் ஓர் இறக்குமதியாளர் மூலமாகக் கடைக்கு வரும். கோளாறு என்றால் அவரைப் பிடிக்கலாம். இன்டர்நெட் வந்த பிறகு, சீனாவில் இருக்கும் விற்பனையாளர் நேரே ஜெர்மனியில் இருக்கும் வீட்டுக்கே பார்சல் அனுப்பிவிடுகிறார். நடுவில் யாருமே இல்லை.

பார்சல்களின் வெள்ளம்

150 யூரோவுக்குள் மதிப்புள்ள பார்சலுக்கு ஐரோப்பாவில் கஸ்டம்ஸ் வரி இல்லை என்ற சலுகை பல காலமாக இருந்தது. அப்படி வந்த பார்சல்கள் 2022-ல் 140 கோடி. 2024-ல் 460 கோடி! பத்தில் ஒன்பது சீனாவிலிருந்து வந்தவை. நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம். எந்த அதிகாரி எத்தனையைப் பிரித்துப் பார்ப்பார்? 2025 டிசம்பரில் ஐரோப்பிய நாடுகளின் நிதி அமைச்சர்கள் இந்தப் பார்சல்களில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ வரி என்று ஒப்புக்கொண்டார்கள். அது 2026 ஜூலை 1 முதல் என்று முடிவாயிற்று.

ஆனால் வரி போட்டால் மட்டும் சார்ஜர் சூடாகாமல் இருந்துவிடாது. இங்கேதான் டென்மார்க் நாட்டு எம்.பி. கிறிஸ்டல் ஷால்டமோஸ் வருகிறார். 2006 முதல் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் இருப்பவர். பொருள் பாதுகாப்புக்கான ஒரு புதிய சட்டத்தை முதலில் இவர்தான் பாராளுமன்றத்தில் நடத்திச் சென்றார். 2014-ல் பாராளுமன்றம் அதை ஏற்றது. "எந்த நாட்டில் தயாரானது" என்று எழுதுவது கட்டாயமா இல்லையா என்று உறுப்பு நாடுகளுக்குள் தகராறு வந்து, அது அப்படியே கிடப்பில் போயிற்று. ஒரு லேபிளுக்காக!

பிறகு ஆன்லைன் மார்க்கெட்டுகளைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சர்வீசஸ் ஆக்ட் இவர் கைக்கு வந்தது. கடையில் விற்கக் கூடாத பொருளை இன்டர்நெட்டிலும் விற்கக் கூடாது என்பதுதான் இவருடைய வாதம். 2022 ஜூலை 5 அன்று 539 பேர் ஆதரவாகவும் 54 பேர் எதிராகவும் ஓட்டளித்தார்கள். 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது.

விற்பவர் யார்?

இந்தச் சட்டப்படி ஆன்லைன் மார்க்கெட், தன்னிடம் விற்பவரின் பெயர், முகவரி, போன் நம்பர், அடையாளச் சான்று, பேங்க் விவரம் எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிவிட வேண்டும். ஒரு பொருள் சட்டவிரோதமானது என்று தெரிய வந்தால், கடந்த 6 மாதங்களில் அதை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்திலேயே வீட்டு உபயோகிப்பாளருக்கு மிகவும் உதவும் வரி இதுதான். மீறினால் உலக அளவிலான ஆண்டு விற்பனையில் 6 சதவீதம் வரை அபராதம். இதோடு 2024 டிசம்பர் 13 முதல் புதிய பொருள் பாதுகாப்பு விதியும் வந்துவிட்டது. பொருளுக்குப் பொறுப்பேற்க ஐரோப்பாவுக்குள் ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சார்ஜர் போன்ற சிஇ பொருள்கள் பலவற்றுக்கு 2021-லேயே இருந்தது. இப்போது மற்ற பொருள்களுக்கும் பரவியிருக்கிறது.

எல்லாம் சுபமா? இல்லை. கைவினைப் பொருள் விற்கும் சிறிய வெளிநாட்டு வியாபாரிகள் பலர், பொறுப்பாளர் வைக்கும் செலவு கட்டுப்படியாகாது என்று ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் குறையில் நியாயம் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டுகளும் உடனே திருந்திவிடவில்லை. 2025 ஜூலையில் ஐரோப்பிய கமிஷன், டெமு மார்க்கெட்டில் ஆளை வைத்து வாங்கிப் பார்த்துவிட்டு, குழந்தைகளின் பொம்மைகளும் சிறிய எலக்ட்ரானிக் பொருள்களும் விதிக்கு உட்படாதவையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று முதற்கட்டக் கருத்து வெளியிட்டது.

சரி, நம் ஊருக்கு வருவோம். சிஇ குறிக்கு இந்தியாவில் சட்ட மதிப்பு இல்லை. லேப்டாப் அடாப்டருக்கு இங்கே பிஐஎஸ் பதிவு கட்டாயம். அடாப்டரின் மேல் "ஆர்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற இலவச ஆப்பில் அந்த எண்ணை டைப் செய்தால் தயாரித்தவரின் பெயரும் முகவரியும் வரும். வரும் பெயரும் அடாப்டரில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண்ணை மட்டும் காப்பியடிப்பவர்களும் உண்டு.

பையனின் சார்ஜரில் அந்த எண்ணே இல்லை. அதன் ஒயரை வெட்டி, என் பழைய எலக்ட்ரானிக்ஸ் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.