நோயச்சமும் தேற்றரவும்

காரைக்கால் நகரில் உள்ள பழைய கத்தோலிக்க ஆலயத்துக்குத் தூய தேற்றரவு அன்னை ஆலயம் என்று பெயர். அங்கிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் வேளாங்கண்ணி. அங்கே அதே மரியன்னைக்கு ஆரோக்கிய அன்னை என்று பெயர். தாய் ஒருவரே, பெயர்கள் குறிப்பவை வெவ்வேறு. ஆரோக்கியம் என்றால் நோய் நீங்குதல். தேற்றரவு என்றால், நோய் நீங்காத வேளையிலும் ஒருவர் நிலைகுலையாமல் தாங்கப்படுதல். ஆகஸ்ட் இறுதியில் காவியுடை அணிந்து, சிறிய தேர்களை இழுத்துக்கொண்டு காரைக்கால் வழியாக நடந்து செல்லும் பக்தர்களில் பலர் முதலாவதை வேண்டித்தான் செல்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் திரும்பும்போது பெற்றிருப்பது இரண்டாவதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. தலத்தெரு போன்ற ஓர் ஊரில் ஒரு குடும்பத்தில் யாருக்கேனும் பெருநோய் என்று தெரியவந்தால், உள்ளூர்ச் சிவன் கோயிலில் அர்ச்சனை, திருநள்ளாற்றில் எள் விளக்கு, நாகூர் தர்காவில் ஒரு வேண்டுதல், வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி என எல்லாம் ஒரே மாதத்தில் நடப்பதுண்டு. சமய எல்லைகளை அச்சம் எளிதில் தாண்டிவிடுகிறது. ஆயினும் நோயையும் துன்பத்தையும் தன் மையத்திலேயே வைத்துக்கொண்ட சமயம் என்ற முறையில், கிறிஸ்தவம் இந்தத் தேற்றரவைப் பற்றி என்ன சொல்கிறது, எதைச் சொல்ல மறுக்கிறது என்பதைத் தனியே பார்ப்பது பயனுடையது.

முதலில் அச்சத்தைப் பற்றி. பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இல் வெளியிட்ட நூலில் இடருக்கும் நிச்சயமின்மைக்கும் இடையே ஒரு கோடு கிழித்தார். நிகழ்தகவைக் கணக்கிட முடிந்தால் அது இடர். முடியாவிட்டால் அது நிச்சயமின்மை. இடரைக் காப்பீட்டு நிறுவனத்திடம் விற்றுவிடலாம். நிச்சயமின்மையை வாங்குவார் இல்லை. நோயில் இவ்விரண்டும் கலந்தே வருகின்றன. நம் நாட்டில் முதலாவதைக்கூட நாம் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. தேசிய சுகாதாரக் கணக்கு மதிப்பீடுகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செலுத்திய பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்துள்ளது. குறைந்தபின்னும் இது பெருஞ்சுமை. எனவே, நம் ஊரில் நோயச்சம் என்பதில் ஒரு பாதி கடனச்சம். அதற்குரிய மருந்து அரசின் நிதிநிலை அறிக்கையில் இருக்கிறது. அதை ஆலயத்தில் தேடச் சொல்வது முறையன்று.

மீதிப் பாதி வேறு வகையானது. ஆய்வகத்திலிருந்து அறிக்கை வரும்வரை உறங்காத இரவு, 'ஏன் எனக்கு?' என்ற கேள்வி, தான் இல்லாத வீட்டைக் கற்பனை செய்து பார்க்கும் மனம் ஆகியவற்றுக்குக் காப்பீடு கிடையாது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜெனட் பென்ட்சன், 95 நாடுகளில் கூகுள் தேடல்களை ஆராய்ந்து, கொரோனா பரவிய 2020 மார்ச்சில் 'செபம்' குறித்த தேடல்கள் அதுவரை பதிவாகாத உயரத்தைத் தொட்டதைக் காட்டினார். நிலநடுக்கங்களை வைத்து அவர் முன்னர் செய்த ஆய்வும் இதே திசையைச் சுட்டியது: பேரிடர் எதிர்பாராத இடத்தில் நிகழும்போது அப்பகுதியில் இறைப்பற்று கூடுதலாக உயர்கிறது. கணக்கிட முடியாத இடத்தில்தான் மனிதர் கைகூப்புகிறார்கள். இதைப் பலவீனம் என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை; கணக்கு முடியும் இடத்தை அறிந்திருப்பதும் அறிவுதான்.

சரி, அந்தச் செபம் நோயைத் தீர்க்கிறதா? அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தமக்காகச் செபிக்கப்படலாம், செபிக்கப்படாமலும் போகலாம் என்று சொல்லப்பட்ட இரு குழுக்களில், உண்மையில் செபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் செபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் பின்விளைவுகள் ஏற்பட்டன. அதாவது, வேறுபாடே இல்லை. தமக்காக உறுதியாகச் செபிக்கப்படுகிறது என்று அறிந்திருந்த மூன்றாம் குழுவில் அது 59 விழுக்காடு. 'செபக்குழுவையே கூட்டும் அளவுக்கு என் நிலை மோசமா?' என்ற கலக்கம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தனர்.

இந்த ஆய்வு நம்பிக்கையைப் பொய்யாக்கிவிட்டது என்று சிலர் எழுதினர். செபத்தை மாத்திரையாகக் கருதும் பார்வையைத்தான் அது பொய்யாக்கியது என்பதே என் கருத்து. அங்கே செபித்தவர்கள் நோயாளியை அறியாத அந்நியர்கள். அவர்களிடம் இருந்தது பெயரும் ஒரு முதலெழுத்தும் மட்டுமே. தேற்றரவு அப்படி வருவதில்லை. பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு தூய ஆவியாரைத் 'தேற்றரவாளன்' என்று அழைக்கிறது. இன்றைய பொது மொழிபெயர்ப்பில் அவர் 'துணையாளர்'. மூலமான கிரேக்கச் சொல் 'பராக்கிளேத்தோஸ்', அருகில் வரும்படி அழைக்கப்பட்டவர் என்னும் பொருளுடையது. தேற்றரவைத் துணை என்று மொழிபெயர்த்தவர்கள் சொல்லை மாற்றினார்களே தவிரப் பொருளை மாற்றவில்லை.

இனி, இந்தக் கடற்கரை மறக்க முடியாத ஒரு நாளுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் பக்தர் கூட்டம் மிகுதி. அன்றைய ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் மிகப் பலர் பக்தர்கள். காரைக்கால் மீனவக் கிராமங்களிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். பேராலயத்துக்குள் நீர் புகவில்லை என்று அன்று பலரும் வியந்து பேசினர். ஆனால், கரையில் நின்றிருந்தவர்களும் அதே அன்னையைத் தேடி வந்தவர்கள்தாமே? பிழைத்தவரைச் சுட்டி 'நம்பிக்கை காத்தது' என்று சொல்லும் ஒவ்வொரு வாயும், இறந்தவரைப் பற்றித் தன்னையறியாமல் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது.

விவிலியம் இத்தீர்ப்பை ஏற்பதில்லை. யோபுவின் நூலில் நண்பர்கள் மூவர் வருகிறார்கள். ஏழு நாள் வாய்திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த நற்செயல். வாய்திறந்ததும் 'நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்' என்று வாதிடுகிறார்கள். இறுதியில் கடவுள் அவர்களைத்தான் கடிந்துகொள்கிறார். யோவான் நற்செய்தியில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்க, இயேசு இரண்டையும் மறுக்கிறார். 'கர்மவினை', 'சாபம்', 'பாவத்தின் சம்பளம்' எனச் சமயத்துக்குச் சமயம் பெயர் மாறினாலும், நோயாளியின் தலைமாட்டில் நின்று இப்படிப் பேசுவோர் எல்லா ஊரிலும் உள்ளனர்.

இப்பேச்சு வெறும் மனவருத்தத்தோடு நிற்பதில்லை. உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழுவினர் 55 வயதைக் கடந்த 596 உள்நோயாளிகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் ஒரு முடிவை வெளியிட்டனர். கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார், தம்மை நேசிக்கவில்லை, தம் நோய் சாத்தானின் வேலை என்று எண்ணித் தவித்தவர்களுக்கு, உடல்நிலை முதலான காரணிகளைக் கழித்த பின்னரும், இறக்கும் வாய்ப்பு 19 முதல் 28 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. நம்பிக்கை ஆறுதலாகலாம், அதே நம்பிக்கை ஒருவரை வதைக்கவும் கூடும். எந்த வகை என்பது, நோயாளியிடம் யார் என்ன பேசினார்கள் என்பதையும் பொறுத்தது.

கிறிஸ்தவ மரபின் ஆறுதல் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்று, அதில் அழுகைக்கு உள்ள இடம். திருப்பாடல்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை புலம்பல்கள். 88ஆம் திருப்பாடல் ஒரு நம்பிக்கைச் சொல்கூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வழிபாட்டு நூலில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே அஞ்சுகிறார். துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலட்டும் என்று கேட்கிறார். தம்மோடு விழித்திருக்கும்படி நண்பர்களை வேண்டுகிறார். அவர்களோ உறங்கிவிடுகிறார்கள். அச்சப்படுவது விசுவாசக் குறைவு என்று நோயாளியை மிரட்டும் போதகர்கள் இப்பகுதியை எப்படி வாசிக்கிறார்கள் என்று நான் வியப்பதுண்டு. ஒப்பாரியை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த நமக்கு, அழுவதும் ஒரு மன்றாட்டு என்பது புரியாததன்று.

கேட்டது கிடைக்காத நிலையிலும் குலையாத பற்று என்பது காரைக்காலுக்குப் புதிதுமன்று. இவ்வூரின் பெயரையே தாங்கிய காரைக்கால் அம்மையார், அற்புதத் திருவந்தாதியின் தொடக்கத்திலேயே, தன் துன்பத்தை இறைவன் தீர்த்து வைக்காமல் போனாலும் தன் அன்பு அவனை விட்டு நீங்காது என்ற கருத்தை வைக்கிறார். எரியும் சூளையின் முன் நின்று, எங்கள் கடவுள் எங்களைக் காப்பாற்றாவிட்டாலும் உம் சிலையை வணங்கோம் என்று அரசனிடம் சொன்ன தானியேல் நூலின் மூன்று இளைஞர்களை அம்மையார் அறிந்திருக்க வாய்ப்பில்லை. சைவத்தின் இந்தப் பேயாரும் யூத மரபின் அந்த இளைஞர்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

நம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் பகை என்று எண்ணுவோருக்கு ஒரு சொல். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞான நூல், மருத்துவரை மதிக்கவும் நோயுற்றபோது மன்றாடவும் ஒரே அதிகாரத்தில் சொல்கிறது. ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இலண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இறுதிநிலை நோயாளர் பராமரிப்பு இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர். இறக்கும் நிலையில் உள்ளவரின் வலி உடலில் மட்டும் இல்லை; மனத்திலும் உறவிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்பதை 'முழுவலி' என்ற கருத்தாக வகுத்தார். அதே அம்மையார், வலி திரும்பும்வரை காத்திராமல் குறித்த நேரந்தோறும் மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அந்த மார்ஃபினையே நோயாளிக்கு எட்டாததாக்கி வைத்திருந்தது. 2014இல்தான் திருத்தம் வந்தது. வலியில் துடிப்பவருக்கு மார்ஃபினும் வேண்டும், மன்றாட்டும் வேண்டும். முதலாவதை மறுத்துவிட்டு இரண்டாவதை மட்டும் தருவது தேற்றரவாகாது.

நோயாளிக்கென்றே கத்தோலிக்கத் திருச்சபை வைத்திருக்கும் அருளடையாளத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. யாக்கோபின் திருமுகத்தில் வேர்கொண்ட அச்சடங்கு, காலப்போக்கில் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதாகி, தமிழில் 'அவஸ்தைப் பூசுதல்' என்று பெயர் பெற்றது. குருவானவர் எண்ணெயோடு படியேறினாலே வீட்டில் அழுகுரல் எழும். ஆறுதல் தர வந்த சடங்கே அச்சமாகிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதைத் திருத்தியது; இன்று அது 'நோயில் பூசுதல்'. கடும் நோயுற்றவரும் பெரிய அறுவை சிகிச்சைக்குச் செல்பவரும் முதுமையால் தளர்ந்தவரும் அதைப் பெறலாம். நோயாளியின் நெற்றியிலும் இரு கைகளிலும் குரு எண்ணெய் பூசுகிறார். பிறர் தொடத் தயங்கும் உடலை ஒருவர் பெயர் சொல்லித் தொடுகிறார்.

2020இலும் 2021இலும் அந்தத் தொடுகைதான் தடைப்பட்டது. நோயாளியின் அறைக்குள் மகனுக்கும் அனுமதியில்லை, குருவுக்கும் அனுமதியில்லை. பல மருத்துவமனைகளில் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நின்ற செவிலியர்களே, வீட்டிலிருந்து வரும் செபத்தை நோயாளி கேட்பதற்காகக் கைப்பேசியை அவர் காதருகே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தச் செபத்தின் சொற்கள் தெரியாது.